புக்கிட் தீமா செம்மண்ணுக்கு ஒரு கேபியன் சுவர்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் மழையில், சரிவான வீட்டுத் தோட்டத்தின் மண்ணைத் தாங்கிப் பிடிக்க, ஒரு மீட்டர் உயரத்துக்குள் என்றால் கேபியன் சுவரைத்தான் சொல்வேன். கம்பி வலைக்கூடைகளை அடுக்கி, உள்ளே கருங்கல் நிரப்பிக் கட்டும் சுவர் அது. ஆனால் கேபியன் என்ற பெயரில் விற்கிற எல்லாக் கூடையும் தாங்குசுவருக்கு ஆகாது. நிறைய கூடைகள் பூந்தொட்டி வைக்கவும் பெஞ்சு செய்யவும் வேலிக்கு அழகு பார்க்கவும் வந்தவை. மண்ணின் பாரம் அவற்றின் மேல் விழுந்தால் தாங்காது. கூடை, கல், கட்டிய ஆட்கள் என்று மூன்றையும் பற்றித் தனித்தனியாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மூன்றுக்கும் ஒரே மதிப்பெண் கொடுக்க முடியாது.

எங்கள் வீடு அப்பர் புக்கிட் தீமா பக்கம், வரிசை வீடு. பின்தோட்டம் சமையலறைத் தரையைவிட உயரம். இரண்டுக்கும் நடுவே பழைய செங்கல் சுவர் ஒன்று, சிமெண்டு பூசி, வெள்ளையடித்து, வெகுகாலமாக நின்றது. சில வருடங்களாக அது வீட்டுப் பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. அடியில் தண்ணீர் வெளியேற விட்டிருந்த குழாய்கள் எல்லாம் களிமண் அடைத்துக் கிடந்தன. மழை விட்டு வெகுநேரம் கழித்தும் சுவரின் பூச்சு வியர்த்துக்கொண்டே இருக்கும்.

சாய்ந்ததற்கு மண்ணைவிடத் தண்ணீர்தான் பெரிய காரணம். சுவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறக்குறைய அரை டன் விசை தள்ளுகிறது. உயரம் இரண்டு மீட்டரானால் அது இரண்டு டன்னாகிவிடும், அதாவது நான்கு மடங்கு. மண்ணின் தள்ளல் இதற்கு மேல் தனிக்கணக்கு. சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி இங்கே ஆண்டுக்கு 2,113 மில்லிமீட்டர் மழை. அதில் கணிசமான பங்கு சுமத்ரா புயல்காற்றோடும் டிசம்பர் பருவமழையோடும் ஒரேயடியாகக் கொட்டுவது. எங்கள் பக்கத்து மண்ணோ புக்கிட் தீமா கருங்கல் மக்கி உண்டான செம்மண். வண்டலும் களியும் கலந்தது. தண்ணீரைக் குடித்தால் சீக்கிரம் விடாது. இப்படிப்பட்ட இடத்தில் தண்ணீரைத் தடுத்து நிறுத்துகிற சுவரைவிட அதற்கு வழி விடுகிற சுவர்தான் நிலைக்கும். கேபியன் பக்கம் நான் போனதற்குக் காரணம் இதுதான், அழகு அடுத்த பட்சம்.

வேறு வழிகளையும் விசாரித்தேன். இரும்புக்கம்பி போட்ட கான்கிரீட் சுவர் நல்ல சுவர்தான், ஆனால் எங்கள் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் இயந்திரம் நுழையாது, கான்கிரீட்டைக் கையால் சுமக்க வேண்டும். சொன்ன விலையில் ஏறக்குறைய பாதிதான் கேபியனுக்கு ஆனது. மரத்தடிகளை அடுக்கலாம் என்றார் ஒருவர். கரையானும் ஈரமும் சேர்ந்த இந்த ஊரில் மண்ணை ஒட்டி மரத்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

முடிவெடுக்கும் முன் பீஷான் – அங் மோ கியோ பூங்காவுக்குப் போய் நடந்து பார்த்தேன். காலாங் ஆற்றின் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். அதற்கு முன் 2009-இல் சிறு பகுதி ஒன்றில் கரையைத் தாங்கும் முறைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். செடி நட்ட கேபியனும் அவற்றில் ஒன்று. நகரத்தின் வெள்ளம் ஓடுகிற கரையிலேயே இதை நம்பியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தைரியம் கொடுத்தது. கல்லுக்குள் வேர் இறங்கிவிட்டால் கல்லும் மண்ணும் ஒரே உடம்பாகிவிடும் என்பதை அந்தக் கரைகளில் நேரில் பார்க்கலாம்.

இனி கூடை. நான் செம்பவாங் கப்பல் பட்டறையில் பூச்சு ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். துருவோடு பழகியதுதான் என் தொழில். அதனால் இந்தப் பகுதி சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விலை கேட்ட விற்பனையாளர் காட்டிய கூடை பளபளவென்று வெள்ளி போல இருந்தது. கம்பி 3 மில்லிமீட்டர். மின்முறையில் ஏற்றிய துத்தநாகப் பூச்சு. கையில் எடுத்ததுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மின்முறைப் பூச்சு பார்க்க வழுவழுப்பாக இருக்கும், ஆனால் தடிமன் சில மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த பூச்சு அதைவிடப் பல மடங்கு தடிமன். துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டுதான் இரும்பைக் காப்பாற்றுகிறது. எவ்வளவு தடிமனோ அவ்வளவு ஆயுள், இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கடலுக்கு நடுவே உள்ள, எப்போதும் காற்றில் ஈரம் நிற்கிற இந்தத் தீவில் மெல்லிய பூச்சு சீக்கிரமே கரைந்து துரு எட்டிப் பார்க்கும். தொட்டிக்குப் போட்ட கூடை துருப்பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம். பத்து டன் கல்லைத் தாங்குகிற கூடை துருப்பிடித்தால் தோட்டம் சமையலறைக்கு வந்துவிடும்.

கடைசியில் வாங்கியது 4 மில்லிமீட்டர் கம்பியில் பற்றவைத்த வலை, கண் அளவு 75-க்கு 75 மில்லிமீட்டர், கால்ஃபன் பூச்சு. கால்ஃபன் என்பது 95 விழுக்காடு துத்தநாகமும் 5 விழுக்காடு அலுமினியமும் கலந்தது. அதே கனத்தில் வெறும் துத்தநாகத்தைவிட இரண்டு மூன்று மடங்கு உழைக்கும் என்பது தொழிலில் எல்லாரும் ஒத்துக்கொள்கிற கணக்கு. 3 மில்லிமீட்டருக்கும் 4 மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டர்தானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். குறுக்குவெட்டுப் பரப்பைப் பார்த்தால் 4 மில்லிமீட்டர் கம்பியில் இரும்பு முக்கால் பங்குக்கு மேல் கூடுதல். வாங்குமுன் ஆலைச் சான்றிதழைக் கேட்டேன். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பூச்சு என்பது அதில் இருந்தது. அதைக் காட்ட முடியாத கடையில் தாங்குசுவருக்குக் கூடை வாங்காதீர்கள் என்பதுதான் இந்த விமர்சனத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

கூடையின் பலகைகளைச் சேர்க்கச் சுருள்கம்பி தருகிறார்கள். மூலையில் வைத்துத் திருகிக்கொண்டே போனால் இரண்டு பலகையும் இணைந்துவிடும். நல்ல ஏற்பாடு. முன்முகத்தையும் பின்முகத்தையும் உள்ளுக்குள் இழுத்துப் பிடிக்கும் குறுக்குக் கம்பிகள்தான் எண்ணிக்கையில் குறைவாக வந்தன. கேட்டதும் கொடுத்தார்கள், ஆனால் கேட்காமலே வந்திருக்க வேண்டும். அவை இல்லாமல் கல்லை நிரப்பினால் கூடையின் முகம் வயிறு தள்ளிவிடும். பற்றாக்குறைக்குக் கட்டுமானத் தளத்தில் கிடக்கிற கறுப்புக் கட்டுக்கம்பியை எடுத்து முறுக்கிவிடுவது சிலருக்கு வழக்கம். அந்தக் கம்பியில் பூச்சே கிடையாது. கொஞ்ச நாளில் துரு வழிந்து கல்லையும் கறையாக்கும், பிறகு அறுந்தும் போகும். ஒரு கூடைக்குக்கூட அதைத் தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லி வைத்தேன், கேட்டுக்கொண்டார்கள். ஓரத்தில் வலையை வெட்ட வேண்டிய இடங்களில் வெட்டு முனைகளுக்குத் துத்தநாகச் சத்துள்ள பெயிண்ட் அடிக்கச் சொன்னேன், அதையும் செய்தார்கள்.

கல்லைப் பற்றி. ஒரு காலத்தில் இந்தத் தீவின் கல்லை இங்கேயே வெட்டினார்கள். 1851-இல் கட்டி முடித்த ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் போனது புலாவ் ஊபினிலிருந்து. 1924-இல் திறந்த ஜொகூர் பாலத்துக்கும் ஊபின் கல்லும் புக்கிட் தீமா கல்லும்தான் கொட்டப்பட்டன. ஊபினின் கடைசிக் குவாரி 1999-இல் மூடியது. இப்போது கருங்கல் வெளியிலிருந்துதான் வருகிறது. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், பழைய குவாரிகள் குளமாகவும் பூங்காவாகவும் நிற்கின்றன. அந்தப் பாறை முகங்களைப் பார்த்துவிட்டு வந்து, சாம்பல் நிறக் கருங்கல்லையே எடுப்பது என்று தீர்மானித்தேன். வெள்ளைக் கூழாங்கல், மஞ்சள் மணற்கல் எல்லாம் காட்டினார்கள். உருண்டைக் கூழாங்கல் ஒன்றை ஒன்று கவ்வாது, நழுவும். தாங்குசுவருக்கு முனையுள்ள உடைகல்தான் வேண்டும்.

அளவும் முக்கியம். வலைக்கண் 75 மில்லிமீட்டர் என்றால் கல் 100 முதல் 200 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த பெரிய மூட்டைகளில் அடிப்பாகத்தில் ஜல்லியும் தூளும் நிறைய இருந்தன. எடைக்கு நான் கொடுத்த பணத்தில் அதுவும் அடக்கம். திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள், பேசிப் பார்த்த பிறகு விலையில் கொஞ்சம் குறைத்தார்கள். கல் விற்றவர்களுக்கு என் மதிப்பெண் குறைவுதான். சலித்த கல் என்று விலைச்சீட்டில் எழுதி வாங்குங்கள், லாரி கிரேன் மூட்டையை இறக்கும்போதே ஒரு மூட்டையைப் பிரித்துப் பாருங்கள்.

கட்டியது ஒரு சின்னக் குத்தகைக்காரரின் ஆட்கள். மேற்பார்வை பார்த்த தம்பி புதுக்கோட்டை மாவட்டம், நார்த்தாமலைப் பக்கம். கல்லோடு பிறந்து வளர்ந்த ஊர்க்காரர் என்பது அவர் கல்லை எடுத்த விதத்திலேயே தெரிந்தது. மற்ற இருவரில் ஒருவர் பங்ளாதேஷ் தம்பி. அவருடைய தமிழைக் கேட்டு என் மனைவி ஆச்சரியப்பட்டுப் போனாள்.

தாங்குசுவர் என்றால், சின்னதாக இருந்தாலும், தகுதிபெற்ற பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது. நான் அப்படித்தான் செய்தேன். அனுமதி தேவையா இல்லையா என்பது உயரத்தையும் எல்லைக்கோட்டையும் பக்கத்து வீட்டையும் பொறுத்தது, அதை அவரே பார்த்துச் சொல்வார். அவர் போட்ட வரைபடம் எளிமையானது. கீழ்வரிசை ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம். அதன் மேல் அரை மீட்டர் அகலத்தில் இன்னொரு வரிசை. முன்முகம் ஒரே சீராக இருக்க, படி பின்பக்கம், மண்ணுக்குள். பின்படியில் உட்காரும் மண்ணின் எடையும் சுவரைக் கீழே அழுத்திப் பிடிக்கும். முழுச் சுவரும் மண் பக்கம் 6 பாகை சாய்ந்திருக்கும், ஒரு மீட்டருக்குச் சுமார் 10 சென்டிமீட்டர். அடிவரிசையில் 15 சென்டிமீட்டர் தரைக்குள். எட்டு மீட்டர் நீளத்துக்கு ஆறு கன மீட்டர் கூடை, அதில் ஏறக்குறைய பத்து டன் கல். கல்லுக்கு நடுவே மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் என்பதால்தான் எடை இவ்வளவோடு நிற்கிறது. தண்ணீர் போகும் வழியும் அதுவேதான்.

பழைய சுவரை இடித்து மண்ணை வெட்டிய நாட்களில் எனக்கிருந்த ஒரே கவலை மழை. வெட்டிய செம்மண் மழையில் கரைந்து லோங்காங்கில், அதாவது தெருவோர வடிகாலில், இறங்கினால் அது நம் பிழை. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதிப்படி சேற்றுநீரைப் பொது வடிகாலில் விடக்கூடாது. தார்ப்பாய் விரித்து, மணல்மூட்டை அடுக்கி, ஆட்கள் கவனமாகவே நடந்துகொண்டார்கள். மொத்தமாக வெட்டாமல் சிறு சிறு பகுதியாக வெட்டிக் கட்டியதையும் பாராட்டியாக வேண்டும். அடியில் 15 சென்டிமீட்டர் உடைகல் போட்டு இயந்திரத்தால் இறுக்கினார்கள். பின்பக்கம் நெய்யாத வகை ஜியோடெக்ஸ்டைல் துணி. இது தண்ணீரை விடும், மண்ணை விடாது. அடியில் துளையிட்ட குழாய் ஒன்று, துணி சுற்றி, வீட்டு வடிகாலுக்கு. இந்தத் துணிக்கு ஆகும் செலவு மொத்தச் செலவில் மிகச் சிறியது, ஆனால் விலைச்சீட்டில் முதலில் காணாமல் போவதும் அதுதான். துணி இல்லையென்றால் ஒவ்வொரு மழைக்கும் களிமண் கல்லிடுக்கில் புகுந்து, வெற்றிடம் அடைபட்டு, பழைய செங்கல் சுவரின் கதைக்கே திரும்பிவிடுவோம். மேலே தோட்டத்து மண்ணும் குழிவிழும்.

கல் நிரப்பியதைத்தான் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மண்வாரியால் அள்ளிக் கொட்டி மூடிவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நார்த்தாமலைத் தம்பி அப்படிச் செய்யவில்லை. கூடையின் முன்பக்கம் மரப்பலகை வைத்துக் கட்டி முகம் பிதுங்காமல் பார்த்துக்கொண்டார். முன்வரிசைக் கல் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, புரட்டிப் பார்த்து, தட்டையான முகத்தை வலைக்கு நேராக வைத்தார். நான் ஒன்றை எடுத்து நீட்டியபோது, "இதுக்கு முகம் இல்லண்ணே, உள்ளே போட்ருங்க" என்றார். பெரிய கல்லுக்கு நடுவே விழும் சந்தில் சின்னதைச் சுத்தியால் தட்டி இறுக்கினார். பாதி உயரம் வந்ததும் குறுக்குக் கம்பிகளை மாட்டி, மறுபடி நிரப்பி, விளிம்புக்கு மேல் மூன்று விரல்கடை கூடுதலாக ஏற்றி, பிறகுதான் மூடியை இறக்கினார். கல் தானாகக் கொஞ்சம் அமரும், அப்போது மூடிக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி விழக்கூடாது என்பதற்காக. நான் கேட்காமலே மூலைக் கூடைகளுக்குச் சதுரமான கற்களைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார். கப்பல் பட்டறையில் நல்ல கைவேலைக்காரர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் இவரையும் வைப்பேன்.

அதற்குப் பிறகு ஒரு முழு வடகிழக்குப் பருவமழையைச் சுவர் பார்த்துவிட்டது. ஜனவரியில் நாள் முழுக்க விடாமல் பெய்தபோது அடிக்குழாயில் தண்ணீர் தெளிவாக ஓடியது. செம்மண் நிறம் வரவில்லை, அதாவது துணி தன் வேலையைச் செய்கிறது. முன்முகத்தில் நூல் பிடித்துப் பார்த்தேன். ஒரே ஒரு கூடை விரல் அகலம் பிதுங்கியிருக்கிறது. அதற்கு மேல் போகவில்லை.

கொசு வருமா என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இருபது காசு நாணய அளவுத் தண்ணீர் போதும் ஏடிஸ் முட்டையிட என்று தேசியச் சுற்றுப்புற அமைப்பு சொல்லிக்கொண்டே இருக்கிறது. சரியாகக் கட்டிய கேபியனில் தண்ணீர் நிற்பதில்லை, இறங்கிவிடும். ஆனால் கல்லிடுக்கில் சொருகிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறையும் காய்ந்த இலையும் நீரைப் பிடித்து வைக்கும். மேல்முகத்தை அடிக்கடி பெருக்கிவிட வேண்டும், இது தப்பாத வேலை. அரணைகள் குடிவந்துவிட்டன. எலி வராமலிருக்கச் சமையல் கழிவை மேல்தோட்டத்தில் உரமாகப் போடுவதை நிறுத்திவிட்டோம்.

குறைகள் இல்லாமல் இல்லை. இடம் போகிறது. ஒரு மீட்டர் அடியகலம் என்பது வரிசை வீட்டுத் தோட்டத்தில் பெரிய விட்டுக்கொடுத்தல். என் மனைவி வைத்திருந்த மல்லிகைப் பந்தலைத் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று, முருங்கையை எடுத்தே விட்டோம், ஏனென்றால் மரவேர் பருத்தால் கூடையைப் பிளக்கும். கறிவேப்பிலையைத் தொட்டிக்கு மாற்றியிருக்கிறாள். மேற்கு வெயில் படும் சுவர் என்றால் மாலையில் கல் சூட்டைக் கக்கும். எங்களுடையது அப்படித்தான், விளக்கு வைக்கிற நேரம் வரை பக்கத்தில் உட்கார முடிவதில்லை. பேரப்பிள்ளைகள் வலைக்கண்ணில் கால் வைத்து ஏறப் பார்க்கிறார்கள். சுருள்கம்பியின் முனைகளை உள்பக்கமாக மடக்கியிருக்கிறார்களா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வேலையை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் சுவரில் சில முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. சொன்னதும் மடக்கிக் கொடுத்தார்கள்.

குத்தகைக்காரரின் அலுவலகத்தைப் பற்றி இவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியாது. தொலைபேசியை எடுக்க மாட்டார்கள், தேதி மாறினால் சொல்ல மாட்டார்கள், இடித்த செங்கல்லை அகற்றும் கூலியை முதல் விலைச்சீட்டில் காட்டவில்லை. பணத்தில் கடைசித் தவணையைச் சுவர் முடிந்து ஒரு நல்ல மழை பார்த்த பிறகே கொடுப்பது என்று முன்கூட்டியே எழுத்தில் பேசி வைத்திருந்ததால் எனக்குச் சிக்கல் வரவில்லை.

விலைச்சீட்டு வாங்குகிறவர்கள் இவை எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்: கம்பியின் தடிமனும் பூச்சும், குறுக்குக் கம்பிகள், பின்துணி, அடிக்குழாய், சலித்த கல், முன்முகத்தைக் கையால் அடுக்குவது, இடித்ததை அகற்றுவது. இதில் எதையாவது விட்டுத்தான் விலை குறைகிறதென்றால் அந்த விலை வேண்டாம். அழகுக்கல்லுக்குக் கொடுக்க நினைத்த பணத்தைக் கம்பிக்கும் துணிக்கும் மாற்றிக் கொடுங்கள். ஒரு மீட்டருக்கு மேல் உயரம் வேண்டுமென்றாலோ, மேலே பக்கத்து வீட்டுக் கட்டடம் நிற்கிறதென்றாலோ, என் அனுபவத்தை அளவுகோலாக வைக்காமல் பொறியாளரின் கணக்குப்படியே போங்கள்.

கூடைக்கு ஐந்தில் நான்கு தருகிறேன், கல் விற்றவர்களுக்கு இரண்டு, குத்தகை அலுவலகத்துக்கும் இரண்டு. கட்டிய கைகளுக்கு ஐந்து. பக்கவாட்டுச் சந்தில் இன்னும் மூன்று மீட்டர் பழைய சுவர் மிச்சமிருக்கிறது. நார்த்தாமலைத் தம்பியின் பணி அனுமதி புதுப்பிக்கப்பட்டு, ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியதும், அந்த வேலைக்கும் அவரையே அனுப்பச் சொல்லி எழுதிக் கேட்டிருக்கிறேன்.